தகரத்தில் கீறிய தேதி

"அக்கா, தூங்கிட்டியா?"

"தூங்கிட்டேன். சொல்லு."

தலையணைக்கு அடியிலிருந்து அந்தத் துண்டை எடுத்து அவள் கையில் வைத்தேன். கைபேசி வெளிச்சத்தில் பார்த்தாள். உள்ளங்கை அகலம், சிவப்பு, அதில் வெள்ளையாக ஓர் எண்ணின் பாதி. ஓரமெல்லாம் சருகு மாதிரி சுருண்டிருந்தது.

"இது மாடித் தகரத்துல இருந்ததுதானே? ஏன்டி பிச்சே? அப்பா தோலை உரிச்சிடுவாரு."

கீழ்த்தளத்தில்தான் அப்பாவின் ஸ்டிக்கர் கடை. வெளியே வெயிலில் நிற்கப்போகும் எந்த வேலையானாலும், அதில் ஒரு துண்டை மொட்டைமாடித் தகரத்தில் ஒட்டிவைப்பார். பேனா மை வெளுத்துப்போகும் என்பதால், அச்சடித்த தேதியைப் பக்கத்தில் ஆணியால் கீறுவார். எந்த நிறம் முதலில் மங்கும், எந்த ஓரம் முதலில் கிளம்பும் என்று அந்தத் தகரம்தான் அவருக்குச் சொல்லும்.

இன்று மாலை ஆம்புலன்ஸ் ஓட்டுநர் கடைவாசலில் வந்து கத்தினார்.

"மூணு வருஷம் தாங்கும்னீங்க. மூணு மாசம் ஆகல, ஸ்டிக்கர்ல இருந்த போன் நம்பர்ல பாதி ரோட்டோட போச்சு! உசுருக்குத் துடிக்கிறவன் யாருக்குய்யா போன் பண்ணுவான்?"

அப்பா, வண்டியில் ஒட்டியவரைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு பிளேடு அண்ணன் என்று பெயர். சட்டைப்பையில் ஒரு பிளேடு, வாயைத் திறந்தால் இன்னொன்று.

"நல்லாத் துடைச்சேன் முதலாளி. ஓரம் நல்லாப் பிடிக்கணும்னு சூடும் காட்டினேன்."

"காட்டியிருந்தா ஏன்யா கிளம்புது? காலைல வெளிச்சத்துல மாடித் துண்டைப் பார்க்கிறேன். அதுவும் கிளம்பியிருந்தா அச்சுல தப்பு. இல்லேன்னா நீ வேற இடம் பாத்துக்கோ."

அண்ணன் பையிலிருந்த பிளேடை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

"அதுக்கு நீ ஏன் துண்டைப் பிச்சே?" என்றாள் அக்கா.

"அச்சடிச்சது நான்தான். வண்டியில ஒட்டுறதுக்கு முந்தின நாளே அப்பா அடிக்கச் சொன்னாரு. போன்ல பேசிக்கிட்டே மறந்துட்டேன். மறுநாள் மதியம் அடிச்சு, ஒரு மணி நேரத்துல லேமினேஷன் போட்டுட்டேன்."

அடித்த மையை ஒரு நாள் முழுக்க விரித்துக் காயவிட வேண்டும். அதற்குள் மேலே லேமினேஷன் போட்டால் மையின் ஈரம் உள்ளேயே அடைபட்டு, அடியில் இருக்கும் பசையை இளக்கிவிடும். எனக்கும் தெரியும். ஆனால் தொட்டபோது காய்ந்த மாதிரிதான் இருந்தது. "நேத்தே அடிச்சதுதானே?" என்று அப்பா கேட்டதற்கு, "ஆமாப்பா" என்றேன். அன்று துண்டைத் தகரத்தில் ஒட்டியதும் நான்தான்; அங்கேயும் முந்தின நாள் தேதியையே கீறினேன்.

"துண்டு இல்லேன்னா பிளேடு அண்ணன் தலைதான் உருளும்," என்றாள் அக்கா.

"தெரியும். இதுவும் கிளம்பியிருந்துச்சு, பயத்துல பிச்சுட்டேன். திரும்ப ஒட்டலாம்னு பார்த்தேன். இழுத்ததுல நீண்டுபோச்சு, ஒட்டல."

"ஒட்டினாலும் அந்தப் பொய்த் தேதியை என்ன பண்ணுவே, நக்கி அழிப்பியா?"

சிரிப்பு வரவில்லை. அவளுக்கும் வரவில்லை.

"பிளேடு அண்ணன் ஒரு ஆணிக் கதையை ஒரு மணி நேரம் சொல்ற மனுஷன். இன்னைக்கு எவ்வளவு பேசினார்?"

"ரெண்டே வாக்கியம்," என்றேன். அவள் கையிலிருந்து துண்டை வாங்கிக்கொண்டு எழுந்தேன்.

அப்பா அறைக் கதவின் கீழே இன்னும் வெளிச்சம் தெரிந்தது.

"நான் வரட்டுமா?"

"கதவு வரைக்கும் வா. உள்ள வேணாம்."

துண்டை அப்பாவிடம் நீட்டினேன். அவர் மேல்படலத்தை நகத்தால் பிரித்து மூக்கருகே கொண்டுபோனார்.

"இன்னும் வாடை அடிக்குதே. எப்போ அடிச்சே?"

"ஒட்டின அன்னைக்கு மதியம்தாம்பா. தேதியைப் பொய்யாக் கீறினேன்."

அவர் கத்துவார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். அவர் துண்டைக் கீழே வைத்தார். பிறகு கைபேசியில் பிளேடு அண்ணன் எண்ணை அழுத்தி என்னிடம் கொடுத்தார்.

"அவனைச் சந்தேகப்பட்டுக் கேட்டதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன். முதல்ல நீ பேசு."

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். அவரும் தூங்கவில்லை.

"சொல்லுங்க முதலாளி."

"அண்ணா, நான்தான். தப்பு உங்க கையில இல்ல. என் கையில."

எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அப்புறம், "நான் அப்பவே சொன்னேனா இல்லையா?" என்று ஆரம்பித்தார். துடைத்த துணி, காட்டிய சூடு, வண்டிக் கதவின் ஒவ்வொரு மடிப்பு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார்.

காது சுட்டது. கைபேசியை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டு, "ம்" கொட்டினேன்.