கை எங்கடா?

கேமராக்காரனுக்கு அன்று உடம்பில் தெம்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. காலையிலிருந்து ஏதோ ஒரு கம்பெனியின் ஆண்டுவிழாவில் நின்று நின்று கால் கடுத்துப்போயிருந்தது. வீட்டுக்குள் நுழைந்தால், அக்கா நல்ல உடுப்பாகப் போட்டுக்கொண்டு சுவரோரம் நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் ஆசிரியை வேலை, எத்தனையோ வருடமாக அவள் காத்திருந்தது. சைகையில் பேசி ஒரு வீடியோவை மாலைக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

மெமரி கார்டில் இடமே இல்லை. ஆண்டுவிழாவை லேப்டாப்பில் இறக்க நேரமாகும், அவனுக்கோ கண் சொருகியது. மெனுவைத் திறந்து, படத்தைச் சுருக்கிப் பதியும் எச்.265 வைத்தான், நொடிக்கு எவ்வளவு தகவல் பதியலாம் என்கிற பிட்ரேட்டை அடிமட்டத்துக்கு இறக்கினான். உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கு அவன் எப்போதும் வைப்பது இதுதான். அப்படிச் சுருக்கினாலும் அசையாததைக் கேமரா அழகாகக் காப்பாற்றிவிடும், அசைவதைத்தான் கலக்கிவிடும். உட்கார்ந்து பேசுகிற ஆளிடம் வாயைத் தவிர என்ன அசைகிறது? குரல் நன்றாக இருந்தால் போதும். அதே பழக்கதோஷத்தில் அக்காவின் காலரில் மைக்கையும் மாட்டிவிட்டான், புத்திசாலி. அவள் மைக்கைக் குனிந்து பார்த்தாள், பிறகு கேமராவைப் பார்த்துக் கையால் பேச ஆரம்பித்தாள்.

எடுத்ததைப் போட்டுக் காட்டினான். "முகம் சூப்பரா வந்திருக்குக்கா" என்று, கேட்காது என்று தெரிந்தும் வாயால் சொல்லிக் கட்டைவிரலைத் தூக்கினான். அக்கா திரையையே பார்த்தாள். பிறகு போனில் தட்டி நீட்டினாள். சாப்பாடு, தூக்கம், வா, போ இவற்றுக்குத்தான் அவர்களுக்குள் சைகை. மற்றதெல்லாம் போனில்தான்.

"கை எங்கடா?"

பார்த்தான். முகம் பளிச்சென்று இருந்தது, பின்னால் சுவரின் விரிசல்கூடத் தெளிவு. கைகள் இருந்த இடத்தில் மட்டும் கட்டம் கட்டமாக ஒரே கலங்கல். அவள் பேசியதெல்லாம் அங்கேதான் இருந்தது. அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

முணுமுணுத்துக்கொண்டே கார்டை லேப்டாப்பில் இறக்கினான். மைக்கைக் கழற்றினான், வெளிச்சத்துக்கு ஜன்னலைத் திறந்தான், பிட்ரேட்டை உச்சிக்கு ஏற்றினான். அக்கா மறுபடி முதலிலிருந்து பேசினாள். அவன் வழக்கம்போல் தலையாட்டிக்கொண்டே எடுத்தான்.

இந்த முறை ஒவ்வொரு விரலும் தனித்தனியாகத் தெரிந்தது, நகம் வரைக்கும். ஓடவிட்டுப் பார்த்தான். ஒரு வார்த்தை புரியவில்லை. கடைசியில் அவள் கேமராவுக்குப் பின்னால் இருந்த அவனைக் காட்டி என்னவோ சொல்லியிருந்தாள். அங்கே நிறுத்திவிட்டு, என்ன என்று புருவத்தை உயர்த்தினான்.

அக்கா தயங்கித்தான் தட்டினாள். "ஏன் இந்த வேலைக்கு வர்றேன்னு கேட்டிருந்தாங்க. வீட்ல என் பேச்சு யாருக்கும் தெரியாது, அங்க பேச ஆள் இருக்கும்னேன். படம் எடுக்கிற என் தம்பிக்கும் தெரியாது, ஆனா நல்லா தலையாட்டுவான்னேன். நீயும் ஆட்டினே."

அவள் சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. வீடியோவை அப்படியே அனுப்பிவைத்தான். மன்னிப்புக் கேட்க வேண்டும்போல் இருந்தது, அதற்கு என்ன சைகை என்று தெரியவில்லை. போனைக் கையில் எடுத்தான், கீழே வைத்துவிட்டான்.

படுக்கப் போகாமல் படத்தை ஆரம்பத்துக்குத் தள்ளி, அவளுடைய முதல் வார்த்தையில் நிறுத்தினான். திரையைப் பார்த்துத் தன் விரல்களையும் அப்படியே மடக்கி, சரியா என்று அவளிடம் காட்டினான்.

அக்கா எட்டி அவன் சுண்டுவிரலை மட்டும் கொஞ்சம் நிமிர்த்திவிட்டாள்.