மகர்பட்டாவுக்குப் போன குறட்டை

கேம்ப் பகுதியில் மர்ஜானாவின் ஓவியக் கண்காட்சி திறந்த மாலை, வாசலுக்கு நேரே மாட்டியிருந்த படம் குறட்டை விட்டது. வந்தவர்கள் பின்னால் ஸ்பீக்கர் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்கள். வெறும் சுவர்தான். சரி என்று அவரவர் சமோசாவுக்குத் திரும்பிவிட்டார்கள். ஸ்ரீலக்ஷ்மிக்கு மட்டும் கையிலிருந்த டீ தளும்பியது. மூன்று படி ஏறி, ஒருமுறை விக்கி, விசிலோடு இறங்கும் அந்தக் குறட்டை அவள் வீட்டுக்காரர் அருணாச்சலத்துடையது. கல்யாணமான நாளிலிருந்து அவள் காதருகே ஓடிய சமாச்சாரம், மழைக்காலத்தோடு நின்றுபோயிருந்தது. அது நின்றதிலிருந்து அவளுக்குத் தூக்கமும் போயிற்று. பழைய பழக்கத்தில் படத்தின் சட்டத்தை முழங்கையால் இடித்து, "திரும்பிப் படுங்க" என்றாள். குறட்டை அடங்கியது. நிஜ அருணாச்சலமோ பக்கத்தில் நின்று, "மூக்கு கொஞ்சம் பெரிசா வந்துட்டோ?" என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

யாரையும் நோவதற்கில்லை. கோர்படியில் அவர்களுக்குக் கீழ்வீட்டில் இருக்கும் மர்ஜானா, படம் வரைய அசையாமல் உட்காரும் ஆள் தேடியபோது, "இவரைக் கூட்டிட்டுப் போம்மா, மத்தியானமாவது எனக்குக் காதுக்கு நிம்மதி" என்று அனுப்பிவைத்ததே ஸ்ரீலக்ஷ்மிதான். நாற்காலியைக் கண்டாலே தூங்கிவிடும் மனிதர் அவர். மர்ஜானாவோ எதையும் விட்டுவிடாமல் வரைகிறவள். முன்பு ஒரு கர்னலை வரைந்தபோது அவருடைய தீராத விக்கல் படத்துக்குப் போய்விட்டது. கர்னல் இனிப்புப் பெட்டி அனுப்பினார்.

"அங்கிள் விட்டாங்க, நான் வரைஞ்சேன் ஆன்ட்டி. இனி பிரிச்செடுக்க முடியாது, சட்டைக் கலர்லயும் கலந்துட்டு" என்றாள் மர்ஜானா.

அப்படியானால் படத்தையே வாங்கிவிடலாம் என்று பார்த்தால், அதன் ஓரத்தில் விற்றாயிற்று என்று சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தது. வாங்கியவள் ப்ரீதி. மகர்பட்டாவில் உயரமான மாடி ஒன்றில் தனியாக இருந்துகொண்டு, ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிற ஐடி பெண். ஸ்ரீலக்ஷ்மி சில நாள் புரண்டு பார்த்தாள். பாவம், அருணாச்சலம் பொய்க் குறட்டைகூட விட்டுப் பார்த்தார். ஸ்டார்ட் ஆகாத ஆட்டோ மாதிரி இருந்தது. ஒரு மத்தியானம், படத்தைச் சுற்றிக் கொண்டுவரப் பெரிய போர்வையோடு இருவரும் மகர்பட்டாவுக்குப் போனார்கள்.

ப்ரீதி தரமாட்டேன் என்று சொல்லவில்லை. அதுதான் வம்பாகப் போயிற்று.

"எடுத்துக்கோங்க ஆன்ட்டி, உங்களோடதுதானே" என்று படத்தை ஆணியிலிருந்து இறக்கி சோபாவின் நடுவில் சாய்த்தாள். போர்வையையும் அவளே விரித்தாள். அப்புறம் மெதுவாக, "எங்க டாடியும் சேம் இப்படித்தான். அவர் போனதுக்கப்புறம் எனக்குத் தூக்கமே வரலை. இது வந்தப்புறம்தான் கொஞ்சம் தூங்கறேன்" என்றாள். ஸ்ரீலக்ஷ்மி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தாள். அருணாச்சலம் கீழே போய் ஆட்டோ கூட்டிவந்து, மேலே ஏறிப் பார்த்தபோது, படத்துக்கு அந்தப் பக்கம் ப்ரீதியும் இந்தப் பக்கம் தன் மனைவியும் அடித்துப் போட்டாற்போல் தூங்கிக்கொண்டிருந்தார்கள். போர்வையை இருவருக்கும் போர்த்திவிட்டு, ஆட்டோவை அனுப்பிவைத்தார்.

படம் பழைய ஆணிக்கே போயிற்று. ப்ரீதி இரண்டு கம்பெனி மாறி, ஒருமுறை வீடும் மாறிவிட்டாள். ஆணி மட்டும் கூடவே போகிறது. தினமும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஸ்ரீலக்ஷ்மி ஒரு டப்பாவில் புளிக்குழம்போடு ஸ்கூட்டரில் அருணாச்சலத்தின் பின்னால் ஏறிவிடுவாள். வாட்ச்மேன், "அங்கிள் ஸோ ரஹே ஹை", அங்கிள் தூங்குகிறார், என்று சொல்லிக் கூரியர்காரர்களைத் திருப்பி அனுப்புவான். குறட்டை எல்லை மீறினால் உள்ளே படுத்திருக்கும் இருவரில் யார் கை அருகில் இருக்கிறதோ அவர்கள் சட்டத்தை இடித்து, "திரும்பிப் படுங்க" என்பார்கள். படம் ஒரு விக்கலோடு அடங்கும். பால்கனியில் விழித்தபடி பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் அருணாச்சலம், பேப்பரை இறக்காமலே, மறுபக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார்.