வடக்கே விழுந்த நிழல்கள்

பிரேசர் டவுனில் ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளியில் 1991இல் நாலாம் வகுப்பு படித்தவர்களுக்கு மாலை நிழல் வடக்கே விழும். மற்றவர்களுக்கெல்லாம் கிழக்கே. இதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. வெயில் அடிக்கிற நாளில் யார் வேண்டுமானாலும் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

காரணமும் ஊரறிந்ததுதான். அந்த வருட மழையில் கூரை ஒழுகி, வகுப்பை மாடிக்கு மாற்றினார்கள். கீழே கரும்பலகை வடக்குச் சுவரில் இருந்தது. மாடியில் மேற்குச் சுவரில். சங்கமித்ரா மிஸ் அதைக் கவனிக்கவில்லை. பி.யு.சி. முடித்த கையோடு வேலைக்கு வந்தவர். பயிற்சிச் சான்றிதழ் கிடையாது, ஆசை மட்டும் மலையளவு. "போர்டு இருக்கற பக்கம் வடக்கு. வலது கைப் பக்கம் கிழக்கு. சூரியன் அங்கதான் உதிக்கும்" என்றார். பிள்ளைகள் அவர் மேல் உயிரையே வைத்திருந்தார்கள். மறுநாளிலிருந்து அவர்களுக்குச் சூரியன் ஊரார் வடக்கு என்கிற பக்கம் உதித்துத் தெற்கே மறைந்தது.

சுதந்திர தினக் கொடியேற்றத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. அந்த ஒரு வகுப்பின் நிழல் மட்டும் வேறு பக்கம் கிடந்ததைப் பார்த்துத் தலைமையாசிரியர், "ஒழுங்கா நேரா நில்லுங்கடா!" என்று தொண்டை கிழியக் கத்தினார். பாவம், அவர்கள் நேராகத்தான் நின்றார்கள். சங்கமித்ரா மிஸ்ஸுக்குச் சட்டென்று புரிந்தது. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுத் திசைகளைத் திரும்ப நடத்தினார். பிள்ளைகள் சரியாகக் கற்றுக்கொண்டு பரீட்சையில் முழு மதிப்பெண்ணும் வாங்கினார்கள். நிழல் அசையவில்லை. அன்றிரவு மிஸ் சாப்பிடவில்லை என்று அவருடைய அம்மா எல்லோரிடமும் சொன்னார்.

அப்புறம் எல்லாம் பழகிப்போயிற்று. அந்த வகுப்பில் படித்த முகேஷ் வளர்ந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு கம்பெனி கேப் ஓட்டினான். மாலை ஷிப்டுக்குத் தெற்கே போகும்போது வழி முழுக்க அவனுக்கு மட்டும் முகத்தில் வெயில். கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டான். பின் சீட்டுக்காரர்கள் ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இதற்கிடையில் சட்டம் இறுகியது. சான்றிதழ் இல்லாதவர் பாடம் நடத்தக் கூடாது, நடத்திய பாடத்துக்கு ஆசிரியரே பொறுப்பு என்றார்கள். மிஸ் விழுந்து விழுந்து படித்துச் சான்றிதழ் வாங்கிவிட்டார். பத்து வருடமாகக் காத்திருந்த நிரந்தர வேலைக்கு ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து, அதே வகுப்பில் படித்த காந்தாவைப் பெண் பார்க்க வந்தவர்கள் வாசலில் அவளுடைய நிழலைப் பார்த்துவிட்டு, காபிகூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். பீன்யாவில் லேத் ஓட்டும் அவளுடைய அப்பா கோவிந்தன் வயிறெரிந்து கல்வி அலுவலகத்தில் மனுக் கொடுத்தார்.

விசாரிக்க வந்த அதிகாரி ஆராவமுதன் நல்ல மனிதர். காந்தாவும் கோவிந்தனும் ஓரமாக நிற்க, மிஸ்ஸுக்கு வழி சொன்னார்.

"தொண்ணூத்தியொண்ணுல உங்ககிட்ட சான்றிதழ் இல்லை. சட்டப்படி நீங்க டீச்சரே இல்லை. அப்போ நீங்க சொன்னது பாடமும் இல்லை. அப்படின்னு எழுதிக் குடுங்க மேடம். ஆய்த்து, கேஸ் முடிஞ்சது. நாளைக்கே வேலையும் உறுதி."

"அப்போ இந்தப் பசங்களுக்கு யார் சார் பொறுப்பு?"

"யாரும் இல்லை."

மிஸ் காந்தாவைப் பார்த்தார். அவள் நாலாம் வகுப்பில் பார்த்த அதே கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல சார். நான்தான் டீச்சர். அது பாடம்தான். தப்பா நடத்தினது நான்தான்" என்றார்.

ஆராவமுதன் ரொம்ப நேரம் பேனாவை மூடித் திறந்தார். பிறகு, மிஸ் இனிப் பள்ளிகளில் பாடம் நடத்தத் தடை என்று எழுதினார். கோவிந்தன் யார் முகத்தையும் பார்க்காமல் நேராக வேலைக்குப் போய்விட்டார்.

மாலை நாலு மணிக்கு மிஸ் பஸ் ஸ்டாப்புக்கு வந்தார். அங்கே தூங்குமூஞ்சி மரத்தைச் சுற்றிச் சிமெண்ட் மேடை உண்டு. மற்றவர்கள் கிழக்குப் பக்க நிழலில் இருந்தார்கள். வழக்கம்போல அங்கே போய் உட்கார்ந்தவருக்குக் கன்னத்தில் சுள்ளென்று வெயில் அடித்தது. அக்கம்பக்கத்தில் யாருக்கும் அடிக்கவில்லை. எழுந்து, குனிந்து தன் நிழலைப் பார்த்தார். அது வடக்கே கிடந்தது. மரத்தைச் சுற்றிக்கொண்டு வடக்குப் பக்கம் வந்தார்.

"இங்க வாங்க மிஸ், இங்கதான் நிழல்" என்று காந்தா தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டாள்.