பச்சை மரத்துக்குப் பெர்மிட் கிடையாது

மரம் தானாகச் சாகவில்லை. தானாகச் செத்தது என்று சொல்கிற வாயில் இஸ்திரிப் பெட்டிக் கரியை அள்ளிப் போட வேண்டும் போலிருந்தது ஜெயத்துக்கு.

முதலியார்பேட்டையில் கடலூர் ரோட்டோரம் நின்ற தூங்குமூஞ்சி மரம் அது. அதன் அடியில்தான் அவளுடைய இஸ்திரி வண்டி. புருஷன் முருகையனுக்கு மில் வேலை போன பிறகு அந்த வண்டிதான் வீட்டில் உலை வைத்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கும் சொல்தா வீடுகளின் வெள்ளைக் கால்சட்டைகள், வாத்தியார்களின் சட்டைகள், கல்யாண வீட்டுப் பட்டுச் சேலைகள் எல்லாம் அந்த இடத்தைத் தேடித்தான் வந்தன. தணல் நிரம்பிய பெட்டியைப் பிடித்துக்கொண்டு உச்சிவெயிலில் நிற்க ஒருத்தராலும் முடியாது. ரோட்டில் நிழல் இருந்த மற்ற இடங்களையெல்லாம் பழக்கடை, வெற்றிலைக்கடை, சைக்கிள் கடை என்று ஆளுக்கொன்றாய்ப் பிடித்தாகிவிட்டது. மரம் போனால் வண்டி போச்சு, வண்டி போனால் சோறு போச்சு. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம்.

மரத்துக்குப் பின்னாலிருந்த கட்டடத்தை வாங்கி அரிகிருஷ்ணன் ஒயின்ஷாப் திறந்தான். தமிழ்நாட்டில் மதுவிலக்கு இருந்த காலம், இங்கே கிடையாது. விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் பஸ் பிடித்து வருகிறவர்கள் தாகத்தோடுதான் இறங்குவார்கள். அவர்கள் கண்ணில் முதலில் தன் கடைதான் பட வேண்டும், இந்தச் சனியன் பிடித்த மரம் மறைக்கிறதே என்பது அவன் கவலை. மரத்தை வெட்டப் பெர்மிட் கேட்டான். ஆபீசர் வந்து மரத்தைச் சுற்றிப் பார்த்தார். மில் வேலை போனதிலிருந்து, கிடைத்தபோது மரம் வெட்டப் போய்க்கொண்டிருந்த முருகையனும் கூலி பேசலாம் என்று கோடாலியோடு வந்து நின்றான்.

“பச்ச மரத்துக்கு பெர்மிட் கெடையாது. பட்டுப்போன மரம்னா வெட்டலாம். அதான் ரூல்” என்றார் ஆபீசர்.

ஜெயத்துக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. தன் காசில் ஆபீசருக்கு டீ வாங்கிக் கொடுத்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ரூல் மரத்தைக் காப்பாற்ற வந்ததாக நினைத்துக்கொண்டாள், பாவி. மரத்தை எப்படி வெட்டலாம் என்று மனுஷன் பக்குவமாகச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகிறான் என்பது அவள் மண்டையில் ஏறவில்லை. கேட்க வேண்டியவர்கள் காதில் மட்டும் அது சரியாக ஏறியது.

ஐப்பசி மழை பெய்து ஊரே பச்சையாய் நிற்கும்போது இந்த மரம் மட்டும் இலையைக் கொட்டியது. தேய்த்து மடித்து வைத்த வெள்ளைத் துணியிலெல்லாம் மஞ்சள் இலை. தட்டித் தட்டி அலுத்துப்போய், மரத்துக்கு என்ன கேடு வந்தது என்று ஜெயம் பின்பக்கம் போய்ப் பார்த்தாள். கடைச்சுவரை ஒட்டிய பக்கத்தில், அடிமரத்தில் சாணியும் களிமண்ணும் பூசிய ஒரு திட்டு. கரி கிளறும் கம்பியால் சுரண்டினாள். மண் உதிர்ந்து உள்ளே உளியால் குடைந்த ஓட்டை தெரிந்தது. அதை அடைத்திருந்த துணியைக் குத்தி இழுத்தாள். பெருங்காய நாற்றம் குப்பென்று அடித்தது. துணியெல்லாம் மயில்துத்தத்தின் நீலம், பச்சை மரத்தையும் பட்டுப்போக வைக்கிற விஷம்.

“அரிகிருஷ்ணா, நாசமாப் போறவனே!” என்று கத்த வாயைத் திறந்தவள், கையிலிருந்த துணியைப் பார்த்து அப்படியே நின்றாள். பழுப்புக் கம்பளி, ஓரத்தில் இஸ்திரிப் பெட்டியின் மூக்கு சுட்ட தடம். அவள் வண்டியில் விரித்திருந்த பழைய கம்பளிதான் அது. கட்டை சுமக்கும்போது தோளில் போட்டுக்கொள்ள முருகையனுக்குப் பாதியைக் கிழித்துக் கொடுத்ததே அவள்தான்.

மத்தியானம் அவன் சோற்றுக்கு வந்தபோது தட்டுக்குப் பதில் அந்தக் கம்பளியைத் தூக்கி அவன் முன்னால் போட்டாள்.

“இன்னா இது?”

முருகையன் துணியைப் பார்த்தான். பிறகு ரோட்டைப் பார்த்தான்.

“ஒயின்ஷாப்புக்காரருதான் சொன்னாரு. பட்டுச்சின்னா வெட்டுற வேலயும் கட்டையும் எனக்குன்னாரு. எத்தினி நாளைக்கி ஒன் சோத்தயே துன்னுக்கினு கெடக்கிறது ஜெயம்?”

“அதுக்கு அந்த சோத்துலயே மண்ண போடுவியா?”

“வண்டிதான? சக்கரம் இருக்குது. எங்கனா தள்ளிக்கினு போயி போட்டுக்கலாம்னு...”

சக்கரம் இருக்குதாம்! மரத்தைக் குடைந்ததைவிட அந்தச் சொல்தான் அவளைக் குடைந்தது. கையைச் சுட்டுக்கொண்டு, ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் ஒவ்வொரு பதம் பார்த்து, நின்று நின்று பிடித்த இடம். கட்டிய புருஷனுக்கு அதில் தெரிந்தது சக்கரம் மட்டும்தான்.

ஓட்டையைக் கழுவினாள். மரத்தடியில் குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றினாள். வெளியே சொன்னால் கேஸாகும், முருகையன் உள்ளே போவான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, அவனோடு பேச்சையும் விட்டுவிட்டு, ஒரு துளிர் வராதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை. மாசி வெயில் ஏறியபோது மரம் மொட்டையாக நின்றது.

ஆபீசர் மறுபடி வந்தார். கூடவே கயிறும் ரம்பமுமாய் ஆட்கள். முருகையன் கோடாலியோடு அவர்களுக்குப் பின்னால் ஒளிந்தாற்போல நின்றான். ஆபீசர் மரத்தை இரண்டு தட்டுத் தட்டி, “பட்டுடுச்சி” என்றார்.

இனிக் காப்பாற்ற என்ன இருக்கிறது? ஜெயம் கம்பளியைக் கொண்டுபோய் அவருடைய ரிஜிஸ்தரின் மேலேயே வைத்தாள்.

“இது பட்ட மரம் இல்ல சார், கொன்ன மரம். குடைஞ்சது என் ஊட்டுக்காரன். குடைய சொன்னது இந்த அரிகிருஷ்ணன். ரெண்டு பேரயும் எழுதிக்க.”

ஆபீசர் அரிகிருஷ்ணனைப் பார்த்தார். அரிகிருஷ்ணன் ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்த்தான். ஆபீசர் முருகையன் என்று எழுதினார். பேனாவை மூடினார்.

“இன்னொரு பேரு?” என்றாள் ஜெயம்.

“செஞ்சவன் பேர எழுதியாச்சு. ரேகை வெச்சிட்டுப் போவட்டும். மரம் எப்பிடியும் செத்துடுச்சி, பெர்மிட் குடுத்துதான் ஆவணும். வண்டிய நவுத்தும்மா.”

ஜெயம் கேட்டதைத்தான் அந்த ஆள் செய்திருந்தார், பாதி மட்டும். ஏழையின் பேர் என்றால் மை தாராளமாக இறங்குகிறது, கடைக்காரன் பேர் வந்தால் வற்றிப்போகிறது. அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இரண்டு கல்லை உருட்டிச் சக்கரத்துக்கு அண்டக் கொடுத்துவிட்டு வண்டிக்கு முன்னால் நின்றாள்.

“முருகையா, ஒம் பொண்டாட்டிய இட்டுக்கினு போடா. வண்டிய தள்ளு!” என்றான் அரிகிருஷ்ணன்.

முருகையன் வந்தான். வந்து வண்டியில் கை வைத்தான்.

ஜெயம் தணல் நிரம்பிய பெட்டியைத் தூக்கினாள். “கைய எடு. சக்கரம் இருக்குதுன்னு தள்ளுன, தேய்ச்சிபுடுவேன் தேய்ச்சி.”

வேடிக்கை பார்த்த கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். முருகையன் கையை எடுத்தான். அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். என்ன தோன்றியதோ, கோடாலியை ரோட்டிலேயே போட்டுவிட்டு ஆபீசரிடம் போனான்.

“மொதல்ல அவுரு பேர எழுது சார். மயில்துத்தம் வாங்கியாந்து குடுத்தவரு அவுரு. அதுக்கு கீழ என் பேர எழுது. அப்பதான் ரேகை வெப்பேன்.”

“டேய்!” என்று அரிகிருஷ்ணன் பாய்ந்தான். கூட்டம் சிரிப்பை நிறுத்திவிட்டு நெருங்கி வந்தது. ஆபீசர் அத்தனை முகங்களையும் பார்த்தார். ரிஜிஸ்தரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “எல்லாம் ஆபீசுல வந்து பேசுங்க” என்று சொல்லி சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். பெர்மிட் இல்லாமல் கை வைக்க மாட்டோம் என்று வெட்ட வந்தவர்கள் கயிற்றைச் சுருட்டினார்கள்.

முருகையன் வண்டியருகே வந்து நின்றான். அடித்தாலும் வாங்கிக்கொள்கிற மாதிரி நின்றான்.

“சொல்லிட்டேன் ஜெயம்.”

“சொல்லிட்ட, கோயில் கட்டி கும்புடுறேன்.” சேலைத் தலைப்பால் அவள் முகத்தைத் துடைத்தாள், துடைக்கத் துடைக்க வேர்த்தது. “நாளைக்கி இதே வெயில்ல நான் எங்க நிப்பேன்? அத சொல்லு.”

அவன் அண்ணாந்து பார்த்தான். ஒரு கிளையிலும் இலை இல்லை.

“கேக்கிறன் இல்ல? சொல்லுய்யா!”