கிழக்குக் கம்பி

இரண்டு இரவு தூங்காத லேத் பட்டறைக் கடைசல்காரருக்குக் கண்ணில் மிளகாய் அரைத்துத் தடவியது போல எரிந்தது. உலகெங்கும் எத்தனை நிலையங்களைப் பிடிக்க முடிகிறது என்று பார்க்கும் ஹாம் ரேடியோ போட்டி முடிய இன்னும் அரை மணி நேரம். தனியாள் பிரிவில் ஒன்பது வருடமாக அவரை அசைக்க ஆளில்லை. இந்த வருடம் நாற்காலி ஆடியது.

அவர் அனுப்புவது கடல் தாண்டிக் கேட்டது. பதிலுக்குக் கூப்பிடுபவர்கள்தான் அவருக்குக் கேட்கவில்லை. வாய்தான் பெரிசு, காதே இல்லை என்று எவனோ மோர்ஸ் தந்தி ஒலியிலேயே கிண்டலடித்துவிட்டுப் போனான்.

பழியைக் கம்பி மேல் போட்டார். வீட்டுக்குப் பின்னால், காலி நிலத்தில், ஆள் உயரத்தில் இருநூறு மீட்டர் ஓடும், கேட்பதற்கென்றே கட்டிய ஆன்டெனாக் கம்பி அது. கிழக்கே இருந்து வருவதை வாங்கிக்கொண்டு மற்றத் திசை இரைச்சலைத் தள்ளிவிடும். ராத்திரியே டார்ச்சோடு இரண்டு தடவை நடந்து, கோடியில் இருந்த ரெசிஸ்டர் வரைக்கும் அளந்து பார்த்திருந்தார். குறையே இல்லை.

விடியும் நேரம் இரவு வேலை முடிந்து மனைவி வந்தாள். பிரசவ வார்டு செவிலி. வயிற்றின் மேல் குழலை வைத்துக் குழந்தையின் துடிப்பைத் தேடிப் பழகிய காது. பையைக்கூட இறக்கவிடாமல் ஹெட்போனை மாட்டிவிட்டார்.

"ஒண்ணும் கேக்கலைன்னு சொல்லும்மா. நிம்மதியாப் போயிடும்."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "ஒருத்தன் இருக்கான்ங்க. மழைக்குப் பின்னாடி நின்னு கதவைத் தட்டுற மாதிரி."

அப்படியானால் கோளாறு கம்பியில் இல்லை. அவளுக்கு முன்னால் உட்கார்ந்து பென்சிலை எடுத்தார்.

மோர்ஸ் அவளுக்குத் தெரியாது. கேட்டதைக் கேட்டபடி அவர் தோளில் விரலால் தட்டினாள். பென்சில் தானாக ஓடியது. அவர் பதில் அனுப்ப அனுப்ப, பதினோரு நிலையங்கள் கணக்கில் விழுந்தன. தோளா இது, வெறும் எலும்பு என்று நடுவில் அவளுடைய முணுமுணுப்பு வேறு.

நேரம் முடிந்தது. எந்தப் பிரிவு என்று கம்ப்யூட்டர் கேட்டது. தனியாளுக்கு அடுத்தவர் காது கூடாது. அந்தப் பதினொன்றோடு சேர்த்தால் முதலிடம் அவருக்குத்தான், யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. தோளைத் தட்டினதெல்லாம் ஒரு உதவியா என்றாள் அவளே.

"நீ கேட்டே. அந்த ஒரு வேலைதான் எனக்கு முடியலை."

குழுப் பிரிவை அழுத்தினார். ஜாம்பவான்கள் இருக்கும் இடம். நாற்பதாவதாக வந்தாலே பெரிது. இரண்டாவது ஆள் என்ற கட்டத்தில் மனைவியின் பெயரை அடித்தார்.

தன் ஆஸ்பத்திரிக்குக் காது டாக்டர் புதன்கிழமைதான் வருவார் என்றாள். சரி என்றார். மறுத்துப் பேசத் தெம்பில்லை.