வெளிச்சம் பார்க்கும் டப்பா

அண்ணன் சாஜன் கல்யாணில் ஒரு கட்டடத்துக்கு வாட்ச்மேனாகப் போகப்போகிறான் என்று கேள்விப்பட்ட அன்றைக்குத்தான் ரெபேக்கா வாழ்க்கையில் முதல்முறையாக, ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்தாள். வாட்ச்மேன் வேலை ஒன்றும் கேவலமில்லை. ஆனால் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் பாதி வீடுகளுக்கு டி.வி. படத்தைக் கொண்டுவந்தவன், எவன் வீட்டு கேட்டையோ திறந்து மூடிக்கொண்டிருப்பதா என்று அவளுக்கு ஆறவேயில்லை.

கேபிள் காலத்தில் அண்ணன் கூரைமேல், தங்கச்சி கீழே. பள்ளிக்கூட யூனிஃபார்மோடு பூலோகம் அண்ணாச்சி வீட்டு வாசலில் நின்று அவர் டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மேலேயிருந்து "வந்துட்டா?" என்று சத்தம் வரும். இல்லை, புள்ளி புள்ளியாக இருக்கிறது என்று இவள் கத்துவாள். படம் தெளிந்ததும் "வந்துட்டு" என்பாள். உடனே சந்து முழுக்க ஒவ்வொரு வீட்டிலிருந்தும் "வந்துட்டு, வந்துட்டு" என்று கிளம்பும்.

சாஜனுக்கு ஒரு பழக்கம் உண்டு. கேபிளைச் சீவியதும் செம்பு நுனியைப் பெருவிரலால் ஒரு தொடு தொடுவான். சுருக்கென்றால் லைனில் கரண்ட் ஓடுகிறது என்று அர்த்தம். மீட்டர் வாங்க வக்கில்லாத நாளில் அவன் விரல்தான் மீட்டர். பெரியவளானதும் ரெபேக்காவும் அவனோடு கூரையேறினாள். அந்தத் தொழிலில் பாதியை அவன் கையைப் பார்த்தே கற்றுக்கொண்டாள்.

இப்போது செம்பு போய்க் கண்ணாடி இழை வந்துவிட்டது. இழையின் இரண்டு முனையிலும் விரல் நீளத்தில் ஒரு மாட்யூல் இருக்கும். மின்சாரத்தை வெளிச்சமாக்கி அனுப்புவதும், வந்த வெளிச்சத்தை மறுபடி மின்சாரமாக்குவதும் அதன் வேலை. அண்ணனும் தங்கச்சியும் நடத்தும் சின்னக் கேபிள் ஆபீஸுக்கு ரெபேக்கா வாங்குவது, தாராவியில் பங்கார் என்கிற காயலான் கடையில் ஷகீல் பாய் குவித்து வைத்திருக்கும் பழைய சரக்கு. எதற்கு உயிர் இருக்கிறது, எது செத்தது என்பது கூரையேறி மாட்டிப் பார்த்தால்தான் தெரியும். அப்படி ஏறி இறங்கும்போதுதான் போன மழைக்காலத்தில் சாஜன் வழுக்கி விழுந்தான். காலுக்குள் கம்பி வைத்தார்கள். கல்யாணில் மச்சினன் வீட்டுக்குப் போனவன் கேம்ப் பக்கம் தலைகாட்டவே இல்லை. ஏணி ஏற முடியாதவனுக்குக் கேபிள் ஆபீஸில் என்ன வேலை என்று போனில் கேட்டான்.

வேலையை நான் உண்டாக்குகிறேன் என்று ரெபேக்கா முடிவு செய்தாள். மாட்யூலைக் கீழேயே சோதிக்க ஒரு டப்பா இருந்தால், அது உட்கார்ந்து செய்கிற வேலை. அதற்குக் கைப்பக்குவம் உள்ள ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

லாமிங்டன் ரோட்டு எலக்ட்ரானிக் கடைகளில் டப்பாவுக்குச் சாமான் வாங்கினாள். செல்போனில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். மூன்று சொச்சம் வோல்ட் கொடுக்க வேண்டிய இடத்தில் ஐந்தைக் கொடுக்க, முதல் மாட்யூல் தோசைக்கல்லாகச் சுட்டுவிட்டு உயிரை விட்டது. அடுத்து இரண்டு ஒயரை இடம் மாற்றிப் பற்றவைத்தாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்; ரெபேக்கா அயர்ன் சரியில்லை, ஈயம் சரியில்லை, வீடியோக்காரன் சரியில்லை என்று எல்லோரையும் திட்டிவிட்டு மறுபடி பிரித்து ஒட்டினாள். ஒருநாள் மத்தியானம் குட்டித் திரையில் மாட்யூலின் பெயரும் அதன் உடம்புச் சூடும் எழுத்தாக வந்து நின்றன. ஆபீஸில் ஒரு ஈ காக்காய் இல்லை. இருந்தும் அவள் சத்தமாக "வந்துட்டு" என்றாள்.

பாக்கி இருந்தது வெளிச்சம். ஒரு சின்ன இழையை வளைத்து, மாட்யூலின் ஒரு துளையில் புறப்படும் வெளிச்சத்தை மறு துளைக்கே திருப்ப வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். எவ்வளவு திரும்பி வந்தது என்று திரைதான் சொல்லும். மாட்டினாள். மங்கல் என்றது. இன்னொன்றை மாட்டினாள். அதுவும் மங்கல். வாங்கிவந்த சரக்கு மொத்தமும் மங்கல்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாஜன் வந்தான், ஊன்றுகோலும் சுளித்த முகமுமாக. மறுநாள் வாட்ச்மேன் வேலையில் சேர வேண்டும். தங்கச்சி விடாமல் கூப்பிட்டாளே என்று வந்திருந்தான். சாயாவைக் குடித்துவிட்டு ஒரு மாட்யூலை டப்பாவில் செருகி, இழையை மாட்டினான். மங்கல்.

"டப்பா பேக்கார்ட்டி, ஒண்ணுக்கும் ஒதவாது. சும்மா மெனக்கெடாத. நான் கெளம்புதேன்."

ரெபேக்கா அவனை மறித்தாள். இன்னொரு தடவை பார் என்று கெஞ்சி, அவளே இழையைப் பிடுங்கி வேறொரு மாட்யூலில் மாட்டப் போனாள். எழுந்தவன் அப்படியே நின்றான்.

"ஏட்டி, நுனியில எதுக்குப் பெருவெரல வைக்கே?"

"நீ வைப்பல்லா, அதான்."

சாஜன் தன் பெருவிரலைத் திருப்பிப் பார்த்தான். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் அவனும் அதையேதான் செய்திருந்தான். இழைக்குள் வெளிச்சம் போகிற பாதை தலைமுடியை விட மெலிசு; அதன் வாயில் விரல் பிசுக்கை அப்பினால் மங்காமல் என்ன செய்யும்? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது சரிதான். கரண்டே ஓடாத கண்ணாடியில் அண்ணனும் தங்கச்சியும் கரண்ட் பார்த்திருக்கிறார்கள். சாஜன் சிரிக்க ஆரம்பித்தான். சிரித்துச் சிரித்து மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

"அந்தச் சுருக்கு இன்னும் வெரல்ல கெடக்குட்டி" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

ஸ்பிரிட் தொட்ட துணியால் இழை நுனியைத் துடைத்தான். மெல்லிய பஞ்சுக் குச்சியால் மாட்யூலின் துளைகளைத் துடைத்தான். தொடுகிற கையை ஒடிப்பேன் என்று தன்னையும் சேர்த்தே மிரட்டிக்கொண்டான். மாட்டியதும் திரையில் எண் ஏறியது. அடுத்ததிலும் ஏறியது. ஷகீல் பாய் சரக்கில் செத்தது கொஞ்சம்தான். உயிருள்ளதை ஒரு பக்கமும் செத்ததை ஒரு பக்கமுமாகப் பிரித்துப் போட்டுக்கொண்டே போனவன், கிளம்பும் பேச்சையே எடுக்கவில்லை.

பூலோகம் அண்ணாச்சி சந்துக்குப் போகிற லைன் காலையிலிருந்து படுத்துக்கிடந்தது. அவன் தேறியது என்று எடுத்துக் கொடுத்த மாட்யூலோடு ரெபேக்கா ஏணியேறினாள். பழையதைக் கழற்றி இதை மாட்டினாள். இடுப்பில் செல்போன் இருந்தது. அதைத் தொடாமல், கீழே குனிந்து கத்தினாள்.

"வந்துட்டா?"

சத்தமே இல்லை. ஆபீஸ் வாசலில், லைன் ஓடினால் எரிகிற பெட்டி விளக்கையே பார்த்தபடி அண்ணனின் தலை மட்டும் தெரிந்தது. பிறகு, பல வருஷமாகக் கேம்ப்பில் கேட்காத குரலில் சாஜன் கத்தினான்.

"வந்துட்டு!"

எதிர்ச் சந்தில் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து, தாடை ஒடுங்கிப்போன பூலோகம் அண்ணாச்சியும் "வந்துட்டு, வந்துட்டு" என்றார்.

ரெபேக்கா இறங்கி வந்தபோது சாஜன் அடுத்த மாட்யூலைத் துடைத்துக்கொண்டிருந்தான். நாளைக்கு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது. அவன் தலையைத் தூக்கவில்லை.

"கல்யாண்ல இருந்து தினம் இங்க வர டிரெயினுக்கு மாசப் பாஸ் எடுக்கணும்ட்டி" என்றான். "எறங்குறதுக்கு சயன் ஸ்டேஷனா, மாட்டுங்காவா, எதுல படி கம்மி?"