விஜயகலாவின் சொந்தக் கொப்பி

மூன்று வருஷமாக மாதம் தவறாமல் பலாங்கொடை கிளினிக்குக்குப் போய் வந்தவள் என் பெண்சாதி விஜயகலா. போனதெல்லாம் என் கொப்பியோடு, டாக்டர் மருந்தெழுதித் தரும் நோட்டோடு. பாரிசவாதம் வந்து வலக்கை, வலக்கால் விழுந்து கிடக்கும் இருளப்பனுக்கு, அதாவது எனக்கு, மாத்திரை வாங்க. தன் தலைச்சுற்றலுக்கு அவள் கண்டுபிடித்த வைத்தியம் என்ன தெரியுமா? என் பிரசர் மாத்திரையில் பாதியைப் பிட்டு வாயில் போட்டுக்கொள்வது. "ஒரே வீடு, ஒரே சோறு. நோய் வருத்தமும் ஒன்னாத்தானே இருக்கும்" என்பாள். நானும் பெரிய மேதாவி மாதிரி தலையாட்டினேன்.

ஜனவரியில் ஒரு காலை, தேயிலைக் கொழுந்தெடுக்க மலைக்குப் புறப்படும்போது அடுப்படியிலேயே சாய்ந்துவிட்டாள். மூன்றடி தூரத்தில் கட்டிலில் கிடந்த என்னால் அவளைத் தொடக்கூட முடியவில்லை. கத்தினேன். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பரா வெள்ளையம்மா ஓடி வந்து தண்ணீர் தெளித்தாள். அன்றைக்குப் பட்ட பயம் இன்னும் என்னை விடவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நோனா, அந்தச் சிங்கள அம்மா, அவளிடம் முதலில் கேட்டது, "ஒயாகே பொத்த கோ?" உன் கொப்பி எங்கே என்று. அவளுக்கு ஏது கொப்பி? ரத்தத்தைச் சோதித்தால் சீனி ஏறிக் கிடந்தது. ஜூலைக்குள் குறையாவிட்டால் வார்டில் படுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவள் வார்டில் படுத்தால் என்னை யார் புரட்டுவது, யார் கழுவுவது?

அன்று தன் பெயர் எழுதிய புதுக் கொப்பியோடு வந்தாள். "எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்த ஏலாதுங்க. மாசத்துக்கு ஒன்னு" என்றாள்.

பெப்ரவரியில் சீனியை விட்டாள். சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டே பால் கலக்காத சாயத்தண்ணி குடிப்பதுதான் எங்கள் லயத்துப் பழக்கம். முதல் வாரம் முழுக்க, பழக்கதோஷத்தில் வெறும் கையை நக்கினாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள், ஆனால் சீனிப் போத்தலைத் தொடவில்லை.

மார்ச்சில் தண்ணீர். மலையில் கக்கூசு ஏது? அதனால் கொழுந்தெடுக்கும் பெண்கள் வேலை முடியும்வரை வாயை நனைப்பதில்லை. இவள் போத்தலோடு போனாள். ஒதுங்க வேண்டி வந்தபோது வெள்ளையம்மாவும் இன்னும் இரண்டு பேரும் சாக்கை விரித்துப் பிடித்து மறைப்புக் கட்டி நின்றார்களாம். மாதக் கடைசியில் நாலு பேர் கையிலும் போத்தல். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஏப்ரலில் ஒன்றும் மாறவில்லை. "வருசப் பொறப்பு மாசம். கொக்கிஸ் பலகாரம் ரெண்டு தின்னேன், பொய் சொல்ல மாட்டேன்" என்றாள்.

மே மாதம்தான் எனக்குக் குத்தியது. பகல் மணி பன்னிரண்டுக்கு மலையிலிருந்து ஓடி வந்து எனக்குச் சோறு ஊட்டி, மிச்சத்தை நின்றபடியே விழுங்கிவிட்டு ஓடுவாள். அந்த மாதம் தட்டோடு உட்கார்ந்து, "மொதல்ல நான் சாப்பிடுறேன். பொறகு உங்களுக்கு" என்றாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் எனக்கு முன்னால் அவள் கை நனைத்ததில்லை. மூன்று நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அவள் கோபப்படவில்லை, நிறுத்தவும் இல்லை. நாலாம் நாள்தான் கவனித்தேன்: ஊட்டும்போது அவள் கை நடுங்கவில்லை. மூன்று வருஷமாக நடுங்கிய கை அது. பசியில் நடுங்கியிருக்கிறது என்று எனக்கு உறைக்கவேயில்லை.

ஜூனிலும் அதே ஒழுங்குதான். ஜூலையில் கிளினிக்குக்குப் போனாள். பகலுக்கு வெள்ளையம்மா சோறு ஊட்ட வந்தபோது, "மூடி வையி, அவ வரட்டும். அவ மொதல்ல சாப்பிடட்டும்" என்றேன். மணி இரண்டரைக்கு வந்தவள் மூடிய தட்டைப் பார்த்தாள்.

"ஏன் சாப்பிடல?"

"நீ மொதல்ல சாப்பிடு."

"நான் சாப்பிட்டேங்க. பன்னெண்டு மணிக்கே. டவுன்ல மக்கீன் நானா சோத்துக் கடையில, தனியா ஒக்காந்து."

கடையில் தனியாக உட்கார்ந்து சோறு சாப்பிட்ட பெண் எங்கள் லயத்தில் இவள் ஒருத்திதான். அவளே கொப்பியை விரித்துக் காட்டினாள்.

"சீனி கொறஞ்சிருக்கு. வார்டு வேணாமாம்."

கண்ணீர் வந்துவிட்டது. துடைக்க எனக்கு ஒரு கைதான் உண்டு, அதுவும் அப்போது அவள் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"கோவமா?" என்றாள்.

"இல்ல. என்ன கறி?"

"பருப்பும் கீரையும். நல்லா இருந்துச்சு."

ஆறிப்போன சோற்றைப் பிசைந்து ஒரு வாய் ஊட்டினாள். கை துளியும் நடுங்கவில்லை.